இரண்டாம் அடி

யுத்தம் நடந்துகொண்டிருந்த அந்த வருஷம் ஐப்பசியில், கொல்லிமலையில் பத்து நாளாக வெயில் தலைகாட்டவில்லை. வாழவந்தி நாட்டில் ஊரைவிட்டுத் தள்ளி, காட்டோரத்தில் ஒற்றையாக நின்றது அத்தாயியின் வீடு. புருஷன் அர்த்தனாரி காலையிலேயே மண்வெட்டியோடு மேட்டுக்காட்டுக்குப் போய்விட்டான். மழைத்தண்ணீர் மிளகுக்கொடிகளின் வேரை அரித்துக்கொண்டிருந்தது, அதற்கு வடிகால் வெட்ட வேண்டும். வீட்டில் அவளும், காய்ச்சலில் கிடந்த ஐந்து வயது மகள் பாப்பாயியும்தான். சாரல் உள்ளே அடிக்காமலிருக்கக் கதவைச் சாத்திக் கட்டை போட்டிருந்தாள்.

உச்சிப்பொழுதில் யாரோ கதவைத் தள்ளினார்கள். புருஷன்தான் என்று எழுந்தவள், குரல் எதுவும் வராததால் அப்படியே நின்றாள். இரண்டாவது தள்ளலில் கட்டை முறிந்தது. வந்தவன் மலைக்காரன் இல்லை. எலும்பும் தோலுமாக இருந்தான். நனைந்த வேட்டி காலோடு ஒட்டியிருந்தது, கையில் அரிவாள். கீழ்நாட்டில் அரிசி கிடைக்காமல் ஜனங்கள் அலைகிறார்கள் என்று அவளும் கேள்விப்பட்டிருந்தாள். சத்தம் போடாதே, பரணில் இருக்கும் சாமையை எடுத்துக்கொண்டு போய்விடுகிறேன் என்றான் அவன். எடுத்துக்கொள் என்று அத்தாயி தலையை ஆட்டினாள்.

அதோடு முடிந்திருக்கும். ஆனால் பாப்பாயி கண் விழித்து வீரிட்டாள். அவன் பதறிப்போய்க் குழந்தையின் வாயைப் பொத்தினான். மற்ற கையிலிருந்த அரிவாள் பிள்ளையின் கழுத்துக்கு ஒரு சாண் தூரத்தில் ஆடியது. அத்தாயி போட்ட கூச்சல் மேட்டுக்காடு வரைக்கும் கேட்டது.

அர்த்தனாரி ஓடிவந்த வேகத்தில் மண்வெட்டிக் காம்பால் அவன் தோளில் ஓங்கி அடித்தான். எலும்பு முறிந்தது. அரிவாள் தரையில் விழுந்தது. அத்தாயி குழந்தையை வாரிக்கொண்டாள். அடிபட்டவன் தவழ்ந்தே வாசற்படியைத் தாண்டி வெளியே சேற்றில் போய் விழுந்தான்.

"போயிர்றனுங்க சாமி, உட்ருங்க," என்றான்.

அர்த்தனாரி மண்வெட்டியைத் தாழ்த்தினான். தாழ்த்தியதை அத்தாயி பார்த்தாள். அவள் மார்பில் குழந்தை வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தது.

"உட்றாதீங்க. இன்னொரு நாளைக்கு வருவான்," என்றாள்.

அடுத்த அடி தலையில் விழுந்தது. அவன் அதன்பிறகு அசையவில்லை.

சாயங்காலத்துக்குள் ஊர் கூடிவிட்டது. ஊருக்குப் பெரியவரான குப்புசாமி பிணத்தையும் பார்த்தார், வாசற்படியையும் பார்த்தார். பிணத்தை உள்ளே இழுத்துப் போட்டு, அரிவாளை அதன் கையில் வைத்துவிடலாம், பிள்ளையை வெட்ட வந்தவனை அடித்தேன் என்று சொன்னால் எந்தக் கோர்ட்டும் தண்டிக்காது என்றார். அத்தாயியும் கெஞ்சினாள். அர்த்தனாரி ஒரு வார்த்தைதான் சொன்னான்.

"அவன் வெளிய போயிட்டானுங்க."

மறுநாள் போலீஸ்காரர்கள் அவனை ஒற்றையடிப்பாதை வழியாக அடிவாரத்துக் காரவள்ளிக்கு இறக்கிக்கொண்டு போனார்கள். செத்தவன் பெயர் சின்னமுத்து, பேளுக்குறிச்சிக்குப் பக்கத்தில் சொந்தக் காடு வைத்திருந்த குடியானவன், கிணறு வற்றி இரண்டு வருஷம் ஆகிறது என்பதெல்லாம் பிறகுதான் தெரிந்தது.

வழக்கு சேலத்தில் நடந்தது. அத்தாயி பாப்பாயியைத் தூக்கிக்கொண்டு மலையிறங்கி, பெட்ரோல் இல்லாமல் கரியில் ஓடும் பஸ்ஸில் போய்ச் சேர்ந்தாள். அடிக்கச் சொன்னது நான்தான் என்று கோர்ட்டில் சொல்லிவிடுவதென்று வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனாள். ஆனால் அதற்கு முன்பே அர்த்தனாரி எல்லாவற்றையும் சொல்லிவிட்டிருந்தான். சின்னமுத்து வெளியே போனதையும், அரிவாள் கையில் இல்லாததையும், விட்டுவிடச் சொல்லி அவன் கேட்டதையும் ஒன்றுவிடாமல் சொன்னான். வீட்டுக்காரி உள்மூலையில் பிள்ளையோடு இருந்தாள், அவள் எதையும் பார்க்கவில்லை என்றும் சொல்லியிருந்தான். வக்கீல் அவளைத் தனியே அழைத்து எச்சரித்தார். இனி அவள் வேறு மாதிரி பேசினால் அவன் சொன்ன உண்மையெல்லாம் பொய்யாகிவிடுமாம்.

கூண்டில் ஏறி நின்று, உள்ளே இருந்தேன் என்று மட்டும் சொன்னாள். சொல்லும்போது புருஷனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

முதல் அடி அவன் உரிமை என்றார் ஜட்ஜ். பிள்ளையைக் காப்பாற்ற அடித்தது. ஆயுதமில்லாமல் போகிறவனை அடித்த இரண்டாவது அடிக்குச் சட்டத்தில் இடமில்லை. மூன்று வருஷம் கடுங்காவல்.

கோர்ட் வாசலில் புங்கமரத்தடியில் உட்கார்ந்திருந்தபோது ஒரு பெண் கைக்குழந்தையோடு எதிரே வந்து நின்றாள். சின்னமுத்துவின் பெண்டாட்டி பழனாயி. திட்டப்போகிறாள் என்று அத்தாயி தலையைக் குனிந்துகொண்டாள்.

"கடேசியா அவரு என்ன பேசுனாருன்னு உங்கூட்டுக்காரரு சொல்லித்தானுங்க எனக்குத் தெரிஞ்சுது," என்றாள் பழனாயி. "சொல்லாமயே உட்ருக்கலாம். சொன்னாரு."

அத்தாயிக்கு உண்மை வாய்வரைக்கும் வந்தது. இவளிடமாவது சொல்லிவிடலாம். அதற்குள் கைக்குழந்தை அழ ஆரம்பித்தது. பழனாயி அதைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே பஸ் நிற்கும் பக்கம் நடந்துபோனாள்.

மூன்று வருஷமும் அத்தாயி தனியாகவே சாமை விதைத்தாள், மிளகு பறித்தாள். அர்த்தனாரி திரும்பி வந்தபோது பாப்பாயி அடையாளம் தெரியாமல் அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டாள். அவன் பாதியாகியிருந்தான். ஜெயிலில் பிடித்த இருமல் விடவில்லை. நாலு கொத்து கொத்தினால் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றுவிடுவான்.

ஒருநாள் இரண்டு பேரும் காம்பிலிருந்து மிளகை உதிர்த்துக்கொண்டிருந்தபோது அத்தாயி கேட்டே விட்டாள். "உட்றாதீங்கன்னு நாந்தானுங்களே சொன்னேன். அதெ ஏன் நீங்க கோர்ட்டுல சொல்லலே?"

அவன் கை நிற்கவில்லை.

"நீ சொன்னது எங்காதுல உழுவல புள்ள. நானாத்தான் அடிச்சேன்."

அவள் அவன் முகத்தையே பார்த்தாள். அதில் ஒன்றும் தெரியவில்லை. உண்மையாகவே காதில் விழவில்லை என்றால் அந்தச் சாவு முழுக்க அவன் ஒருவனுடையது. விழுந்தும் இப்படிச் சொல்கிறான் என்றால், அவள் பங்கையும் சேர்த்து மூன்று வருஷம் சுமந்துவிட்டு இன்னும் இறக்கிவைக்காமல் இருக்கிறான். எது என்று கேட்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. அவனும் அந்தப் பேச்சை மறுபடி எடுக்கவில்லை.

அடுத்த ஆடியில் இருமல் அவனைக் கொண்டுபோனது. சாவுக்கு வந்தவர்கள் முற்றத்தில் உட்கார்ந்து அவனைப் பற்றிப் பேசினார்கள். ஜெயிலுக்குப் போனாலும் போனானே தவிர ஒரு பொய் சொல்லாத மனுஷன் என்று குப்புசாமி சொன்னார். எல்லாரும் ஆமாம் என்றார்கள். பிணத்தின் தலைமாட்டில் இருந்த அத்தாயி அதுவரை அழாமல்தான் இருந்தாள். அதைக் கேட்டதும் உடைந்துபோனாள். புருஷன் போன துக்கம் இப்போதுதான் வெளியே வருகிறது, அழட்டும் என்று பெண்கள் அவளைப் பிடித்துக்கொண்டார்கள்.