கர்த்தருக்கும் முந்நூறு பிள்ளைகளுக்கும்

ஞானப்பூ ரீச்சரின் காலை ஜெபத்துக்குத் திருகோணமலையில் ஒரு பெயர் உண்டு. வெள்ளைக்காரக் கடற்படை துறைமுகத்தை ஒப்படைத்துவிட்டுப் போன மறு வருஷம் அது. கப்பல்கள் குறைந்தாலும் மிஷன் பெண்கள் பள்ளிக்கூடத்தில் ஜெபம் குறையவில்லை. முந்நூறு பிள்ளைகள் கண்ணை மூடி நிற்க, ரீச்சர் பெயர் சொல்லியே மன்றாடுவார்: விடுதியில் பாயை நனைக்கிற றூபிக்காக, தகப்பன் குடித்துவிட்டு வந்து பானையை உடைத்த இரத்தினேஸ்வரிக்காக. ஆமென் சொல்லும்போது ரீச்சரின் கண்ணில் நீர் நிற்கும். ஜெபத்தில் வந்த பிள்ளையின் கண்ணிலும் நிற்கும். இரண்டும் ஒரே கண்ணீர் என்றுதான் ரீச்சர் நம்பியிருந்தார்.

இப்படிப்பட்டவரை விட்டுவிட்டு, மூதூரிலிருந்து கணக்குப் படிப்பிக்க வந்த சித்தி பரீதா ரீச்சரைப் பிள்ளைகள் வேப்பமரத்தடியில் மொய்த்தால் வயிறு எரியுமா, எரியாதா? பரீதா ஜெபவேளையில் முக்காட்டோடு பின்வரிசையில் மரியாதையாக நிற்பார், வாய் திறக்கமாட்டார். "எங்கடை பாட்டு ஒண்டும் தெரியாது, பாவம்," என்று ஞானப்பூ ரீச்சர் ஆசிரியர் அறையில் இரக்கப்படுவார். அந்த இரக்கத்தில் கொஞ்சம் புளி இருந்தது அவருக்கே தெரியும்.

ஒருநாள் யன்னலால் பார்த்தபோது, பரீதாவின் முந்தானையைப் பிடித்தபடி மேபல் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். ஏழாம் வகுப்பு மேபல். ஞானஸ்நானத்தன்று ரீச்சர் தன் கையில் ஏந்திய ஞானப்பிள்ளை.

அன்று மத்தியானம் தலைமையாசிரியை மிஸ் நேசமலர் ரீச்சரைக் கூப்பிட்டு அறைக்கதவைச் சாத்தினார். பாட்டு வகுப்பு முடிந்ததும் ஆர்மோனிய மாஸ்டர் மேபலை மட்டும் நிறுத்திக் கதவைப் பூட்டுகிறாராம். கையைப் பிடிக்கிறாராம். வீட்டில் சொல்லாதே என்கிறாராம்.

"பிள்ளை பரீதா ரீச்சரிட்டைச் சொல்லியிருக்கிறா. அவ நேரே என்னட்டை வந்தா."

"என்னட்டை ஏன் சொல்லேல்லை?"

கேட்ட பிறகுதான், முதலில் கேட்டிருக்க வேண்டியது வேறு கேள்வி என்று ரீச்சருக்கு உறைத்தது. மிஸ் கவனிக்காததுபோல இருந்தார்.

"தாயோடை நான் கதைச்சிட்டன். மாஸ்டரை நிப்பாட்டுற அதிகாரம் மிஷன் மனேஜருக்குத்தான். அவர் வெள்ளிக்கிழமை ரெயிலிலை வாறார். அதுவரைக்கும் மேபல் பாட்டு வகுப்புக்குப் போகேலாது. அந்த வகுப்பிலை மற்றப் பிள்ளையளோடை நீங்கள் இருக்கவேணும். மூச்சுக் காட்டக்கூடாது, ரீச்சர்."

ரீச்சருக்கு மனம் கேட்கவில்லை. பின்னேரம் கிணற்றடியில் மேபலைப் பிடித்தார்.

"நான் உன்ரை ஞானத்தாய். என்னட்டைச் சொல்ல என்ன பயம்?"

மேபல் கால் விரலால் மண்ணைக் கீறினாள். "நீங்கள் ஜெபத்திலை சொல்லிப்போடுவியள், ரீச்சர்."

கோபமாகச் சொல்லியிருந்தால் அதட்டியிருக்கலாம். நாளைக்கு மழை வரும் என்பதுபோல் அல்லவா சொன்னாள்.

மறுநாள் காலை ரீச்சர் மேடையேறினார். பக்கத்தில் ஆர்மோனியத்தோடு மாஸ்டர், முகமெல்லாம் பக்தி. இந்த மனுஷனைத் தந்ததற்காகப் போன கிழமைதான் கர்த்தருக்கு நன்றி சொன்னது ஞாபகம் வந்தது. நாக்குத் துடித்தது. ஒரு வசனம் போதும்; மாஸ்டரின் மானம் காற்றில் போகும். எல்லாம் தெரிந்தவர் ஞானப்பூ ரீச்சர்தான் என்று பள்ளிக்கூடம் முழுக்க அறியும், பின்வரிசை முக்காடு உட்பட.

முன்னால் மேபல் தலையைக் குனிந்து நின்றாள். அவளுடைய பிடரி தெரிந்தது. அடி விழப்போகிறது என்று காத்திருக்கிற பிடரி.

"ஆண்டவரே, உமக்கு எல்லாம் தெரியும். ஆமென்."

பாதிப் பிள்ளைகள் இன்னும் கண்ணையே மூடியிருக்கவில்லை. மாஸ்டர் அவசரத்தில் பிழையான கட்டையை அழுத்தினார்.

அன்று பாட்டு வகுப்பின் கதவை அகலத் திறந்து, வாசலிலேயே கதிரையைப் போட்டு ரீச்சர் ஊசிநூலோடு உட்கார்ந்தார்.

"ரீச்சருக்கும் இப்ப பாட்டிலை ஆசையோ?" என்றார் மாஸ்டர்.

"ஓம் மாஸ்டர். வயது போய் வந்த ஆசை. நீங்கள் படிப்பியுங்கோ, நான் எழும்பமாட்டன்."

கடைசிப் பிள்ளை போகும்வரை எழும்பவில்லை. கூடச் சேர்ந்து பாடவும் பாடினார். மாஸ்டருக்குக் கிடைத்த முதல் தண்டனை அது. ரீச்சர் வெளியே வந்தால், விறாந்தைக் கோடியில் வைத்த தன் இடியப்பப் பார்சலைக் காணவில்லை. கோட்டைப் பக்கமிருந்து மேய வருகிற மான்களின் வேலை என்றார் காவலாளி.

வெள்ளிக்கிழமை வந்த மனேஜர், மாஸ்டரைப் பள்ளிக்கூடத்தாலும் கோயிலாலும் நிறுத்தினார். ஏன் என்று கேட்டவர்களுக்கு ஞானப்பூ ரீச்சர் வாய் திறக்கவில்லை. அவர் ஆயுளில் பிடித்த மிகக் கடினமான விரதம் அதுதான். பிள்ளைகள் பழையபடி வேப்பமரத்தடிக்கே போனார்கள். ரீச்சருக்கும் பழையபடி எரிந்தது.

பிறகொரு நாள் மேபல் தயங்கித் தயங்கி அவருடைய மேசையருகே வந்தாள்.

"ரீச்சர், ஒண்டு சொல்லவேணும். ஜெபத்திலை சொல்லக்கூடாது."

"சொல்லு பிள்ளை."

"அண்டைக்கு உங்கடை இடியப்பத்தைத் திண்டது மான் இல்லை."

ரீச்சர் முகத்தைக் கடுமையாக வைத்திருக்கப் பாடுபட்டார். "சம்பல் உறைப்போ?"

"ஓம். சரியான உறைப்பு."

அன்று முழுவதும் ரீச்சரின் கால் நிலத்தில் படவில்லை. கர்த்தருக்கு எப்படியும் தெரிந்திருக்கும். பரீதாவுக்குத் தெரியாது.