பஞ்சமத்தின் நூல்

நூல் இன்னும் ஒரு மயிரிழை மேலே போக வேண்டும், தம்புராவின் தந்திக்கும் அதைத் தாங்கும் குதிரைக்கும் நடுவே அது படுக்கும் இடம் தப்பினால் கம்பி வெறும் கம்பிதான், சரியான இடத்தில் அமர்ந்துவிட்டால் அதே கம்பி இதழ் விரித்து நெடுநேரம் ரீங்கரிக்கும், அதற்காகவே அந்தத் துண்டு நூலுக்கு ஜீவா என்று பெயர் வைத்திருக்கிறார்கள், வலக்கை விரலால் மீட்டிக்கொண்டே இடக்கை நகத்தால் அதைத் தள்ளுகிறேன், தள்ளிவிட்டுக் கேட்கிறேன், கேட்டுவிட்டு மறுபடியும் தள்ளுகிறேன், தில்லைநகர்த் தெருவில் வெயில் தணியத் தொடங்கிவிட்டது, கீரைக்காரி கூவிவிட்டுப் போய்விட்டாள், தம்புராவின் மற்ற மூன்று தந்திகளுக்கும் நூல் அதனதன் இடத்தில் இருக்கிறது, முதல் தந்தியாகிய பஞ்சமத்தின் நூலை மட்டும் இன்று காலை வனஜா ஒரு காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்து கொடுத்தாள், சாயங்காலம் வரேன் டீச்சர், நல்ல பதிலாச் சொல்லுங்க, என்று சொல்லிவிட்டு வங்கி வேலைக்குப் போய்விட்டாள், என்னிடம் பாட்டுக் கற்க வந்து எனக்குப் பின்னால் தம்புரா மீட்டியபடியே தலை நரைத்தவள், இன்னும் என் எதிரில் நாற்காலியில் உட்காரமாட்டாள், நவராத்திரிக்குச் சபாவில் நான் பாடுகிறேனா இல்லையா என்பதுதான் அவள் கேட்டுவிட்டுப் போன கேள்வி, பதிலை இந்த நூலிடமே கேட்டுக்கொள்ளலாம் என்று தம்புராவை மடியில் சாய்த்து உட்கார்ந்தேன், தந்தி ஒன்றுதான், மீட்டுகிற விரலும் ஒன்றுதான், கேட்பது இரண்டாக இருக்கிறது, வலக்காதில் ஒரு பஞ்சமம், இடக்காதில் அதற்குச் சற்றுத் தாழ்ந்து, படியில் கால் வழுக்கினாற்போல, இன்னொரு பஞ்சமம்.

இடப்பக்கம் எப்போதும் தருமுவின் பக்கம், என் தங்கை தருமாம்பாள், துறையூர் சகோதரிகள் என்றுதான் சுவரொட்டிகளில் போடுவார்கள், எங்கள் பெயர்கள் தனித்தனியே அச்சேறியதில்லை, மேடையில் ஒரே ஜமுக்காளம், எனக்கு இடப்பக்கத்தில் அவள், எனக்கு அரக்குப் புடவை என்றால் அவளுக்கும் அரக்கு, அவளுடைய குரல் என் குரலைவிட இனிமையானது, அதை நான் ஒருநாளும் மறுத்ததில்லை, ஆனால் சோம்பல் மிகுந்த குரல், கச்சேரியின் பின்பாதியில் களைப்புத் தட்டினால் அவளுடைய பஞ்சமம் ஒரு நூலளவு இறங்கும், கூட்டத்தில் ஒருவருக்கும் தெரியாது, எனக்குத் தெரியும், முந்தானைக்கு அடியில் என் இடக்கை போய் அவள் தொடையில் ஒரு கிள்ளு வைக்கும், உடனே ஏறிவிடுவாள், முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே இருக்கும், மறுநாள் காலையில் சமையற்கட்டில் காப்பி ஆற்றிக்கொண்டே, பாரு வனஜா, உங்க டீச்சர் தந்தியை முறுக்குற பிருடை தம்புராவுல இல்லை, என் தொடையிலதான் இருக்கு, என்பாள், வனஜா சிரிப்பை அடக்கத் தெரியாமல் தம்புரா உறையை முகத்துக்கு மேலே தூக்கிக்கொள்வாள், கொசு பாடினாலும் எங்க அக்கா முதல்ல சுருதி எத்தனை கட்டைன்னு கேப்பா, என்று இன்னொன்றும் சொல்வாள், நான் சிரிக்கவில்லை என்பதற்காகவே இன்னொன்று, அதற்கும் சிரிக்கவில்லை என்றால் மேலும் ஒன்று.

வீட்டில் வகுப்பு எடுத்தவள் நான், தருமு எடுத்ததில்லை, கையில் எதையாவது கொறித்தபடி கூடத்தின் குறுக்கே நடந்துகொண்டிருப்பாள், ஆதார ஸட்ஜத்தில் குரல் நிற்கும்வரை நான் யாருக்கும் சரளி வரிசை தொடங்கியதில்லை, மாதக்கணக்கில் அந்த ஒரு ஸ்வரம்தான், வனஜாவும் அப்படித்தான் வந்தாள், நிற்கவே நிற்காத பிள்ளைகளின் பெற்றோரை அழைத்து, சுருதி சேராதவர்கள் பாட வேண்டாம், நல்ல ரசிகர்களாக இருக்கட்டும், கேட்பதும் வித்தைதான், என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன், அவர்கள் செருப்பை மாட்டும்போது தருமு கேட் வரைக்கும் பின்னாலேயே ஓடுவாள், மனசுல வெச்சுக்காதீங்க, அவ என்னையே இன்னும் பாஸ் பண்ணலை, என்பது எனக்கு இங்கே கேட்கும், அன்று எல்லாம் கேட்டது, தெருமுனையில் சைக்கிள் மணி எந்தக் கட்டையில் அடிக்கிறது என்பதுவரை கேட்டது, இப்போதும் கேட்கிறது, அவள் கேட்டைச் சாத்திவிட்டு உள்ளே வருகிறாள், காலைத் தேய்த்துத் தேய்த்து நடக்கிறாள், இல்லை, அது மருத்துவமனைத் தாழ்வாரம், சக்கர நாற்காலியின் ஓசை, அவள் படுக்கையில் இருக்கிறாள், வற்றிப்போன அந்தக் கையை நான் பிடித்துக்கொண்டிருக்கிறேன், கிள்ளுக்கா, இறங்குறேன், என்றாள், கண்ணைத் திறக்கவில்லை, உதட்டில் அந்தப் பழைய சிரிப்பின் வளைவு இருந்தது, கிண்டலாகச் சொன்னாளா, மெய்யாகவே சொன்னாளா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது, அதன்பிறகு அவள் எதுவும் சொல்லவில்லை.

அவளுடைய முதலாண்டு நினைவுக்கச்சேரியைச் சபாவில் வைத்தார்கள், நான் தனியாகப் பாட வேண்டும், பக்கத்தில் வந்து உட்காரட்டுமா என்று வனஜா கேட்டாள், பின்னால் உட்கார், என்றேன், இடப்பக்கத்து ஜமுக்காளம் காலியாக இருந்தது, திரைக்குப் பின்னால் வனஜா சுருதி சேர்த்துக் கொடுத்த தம்புராவை வாங்கி ஒருமுறை மீட்டினேன், பஞ்சமம் இறங்கியிருந்தது, சேரவில்லை, என்றேன், சேந்துதானே இருக்கு டீச்சர், என்றாள், கேட்பது நானா நீயா, என்றேன், பிருடையை நானே முறுக்கி ஏற்றினேன், இன்னும் இறங்கியிருப்பதாகப் பட்டது, இன்னும் ஏற்றினேன், பிடில்காரர் நாதமுனி வில்லை நிறுத்திவிட்டு விட்டத்தைப் பார்த்தார், பிறகு குனிந்து வில்லுக்குக் குங்கிலியம் தேய்க்கத் தொடங்கினார், ஏற்கெனவே தேய்த்த வில், எங்கள் மேடையில் பிரதான பாடகி சுருதி சேர்த்துக் கொடுத்த பிறகு யாரும் பிருடையைத் தொடுவதில்லை, வாய் திறப்பதுமில்லை, அது மரியாதை, அந்த மரியாதையைக் கண்டிப்புடன் கற்றுக்கொடுத்தவள் நான், திரை விலகியது, தருமுவுக்கு உயிரான கரகரப்பிரியாவைப் பாடினேன், பாடும்போது இடப்பக்கத்திலிருந்து என் குரலே சற்றுத் தாழ்ந்து எனக்குத் திரும்பி வந்தது, துக்கம் அப்படித்தான் கேட்கும்போலும் என்று நினைத்துக்கொண்டேன், முடிந்ததும் நாதமுனி கும்பிட்டு, அம்மா இன்னைக்கு எல்லாரையும் அழவெச்சிட்டீங்க, என்றார், அதைச் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

கச்சேரிக்கு மறுநாள் காலையில் தம்புராவைத் துடைத்து, நூல்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்து, உறை போட்டு மூலையில் நிறுத்துவது என் வழக்கம், அன்று துடைத்தபோது பஞ்சமத்தின் நூல் இல்லை, இறுகிய தந்திக்கு அடியில் இருக்கும் நூல் தானாக விழாது, யாராவது உருவினால்தான் உண்டு, வனஜாவைத் தொலைபேசியில் அழைத்தேன், பஞ்சமத்தின் நூல் எங்கே, என்றேன், விழுந்திருக்கும் டீச்சர், என்றாள், விழாது, எங்கே, என்றேன், மறுமுனையில் மிக்ஸி ஓடி நின்றது, நான்தான் எடுத்தேன் டீச்சர், கச்சேரிக்கு முன்னாடி உங்களைப் பத்தி மைக்கில பேசிட்டிருந்தாங்களே, அப்போ, என்றாள், எதற்கு, என்றேன், ஏறியிருந்துச்சு டீச்சர், ரொம்பவே ஏறியிருந்துச்சு, கச்சேரி முழுக்க நான் அந்தத் தந்தியைத் தொடவே இல்லை, விரலைச் சும்மா மேலால கொண்டுபோனேன், தப்பித் தவறிப் பட்டாலும் கணீர்னு கேட்டுறக் கூடாதேன்னு நூலையும் உருவிட்டேன், என்றாள், சொல்லி முடிக்குமுன் அழுதுவிட்டாள், அழுகையை நிறுத்து, பஞ்சமத்தைப் பாடிக் காட்டு, என்றேன், அவள் மூக்கை உறிஞ்சிவிட்டு ஸட்ஜம் பிடித்து அங்கிருந்து பஞ்சமத்துக்குப் போய் நின்றாள், நன்றாக நின்றாள், கை வலித்ததால் ரிசீவரை வலக்காதிலிருந்து இடக்காதுக்கு மாற்றினேன், பஞ்சமம் இறங்கியது, ஏன் இறக்கினாய், என்றேன், இறக்கலையே டீச்சர், என்று மறுபடி பிடித்தாள், மறுபடி வலக்காதுக்கு மாற்றினேன், ஏறியது, இடக்காதுக்கு மாற்றினேன், இறங்கியது, வனஜா ஒரே மூச்சில் அசையாமல் நின்றுகொண்டிருந்தாள், ஏறி இறங்கிக்கொண்டிருந்தது நான்தான், ரிசீவரை வைத்துவிட்டு அந்த இடத்திலேயே நின்றேன், கச்சேரி முழுவதும் என் முதுகுக்குப் பின்னால் மூன்று தந்திகள் மட்டுமே ஒலித்திருக்கின்றன, கொசுவிடம் கட்டை கேட்கிறவளுக்குப் பஞ்சமம் இல்லாதது தெரியவில்லை.

காது மருத்துவர் இளைஞர், பணிவாகவே பேசினார், இந்த வயசுக்கு உங்க காது நல்லாவே இருக்கும்மா, பேச்சு கேக்குதுல்ல, என்றார், பேச்சு கேட்கிறது, என்றேன், இடது காதில் உள்நரம்பு தேய்ந்திருக்கிறதாம், மெஷின் வைத்தால் சத்தம் கூடும், ஸ்வரம் சரியாகாது, ஒரு காதைப் பஞ்சால் அடைத்துக்கொண்டு பாடலாமா என்று கேட்டேன், அவர் வியந்து பார்த்தார், இவ்வளவு நுணுக்கமா யாரும் கேட்டதில்லைம்மா, வேணும்னா செஞ்சு பாருங்க, என்றார், செய்து பார்த்தேன், அடைத்தால் என் குரல் மண்டைக்குள்ளேயே கிணறுபோல முழங்குகிறது, தம்புரா தெருக்கோடிக்குப் போய்விடுகிறது, வானொலியை வைத்துக் கேட்கலாம் என்றால் அங்கேயும் ஒரே பாடகி இருவராகப் பாடுகிறாள், ஒருத்தி மற்றவளைவிடத் தாழ்ந்து, வலப்பக்கம் வயலின், இடப்பக்கம் அதன் பிசகு, அணைத்துவிட்டேன், சேராதவர்கள் ரசிகர்களாக இருக்கட்டும் என்றேனே, அந்த இடமும் எனக்கு இல்லை, வீட்டில் இப்போது பாட்டு என்பதே ஒலிப்பதில்லை, குக்கர் விசிலைக்கூட இரண்டாகக் கேட்கிறேன்.

இன்று காலை வனஜா தரையில் உட்கார்ந்துகொண்டு, காகிதப் பொட்டலத்தை என் பக்கம் நகர்த்தினாள், சபாவுல மறுபடியும் கேக்குறாங்க டீச்சர், நவராத்திரிக்கு நீங்க பாடணும், சுருதியை நான் பாத்துக்குறேன், சேரலைன்னு நீங்க சொன்னா பிருடையைத் திருகுற மாதிரி காட்டிக்கிறேன், நாதமுனி சார்கிட்டயும் பேசிட்டேன், அவரும் சரின்னுட்டார், வெளியில யாருக்கும் தெரியாது, என்றாள், அவர்கள் எல்லாரும் சேர்ந்து பேசி முடித்திருக்கிறார்கள், குழந்தைக்குத் தெரியாமல் கசப்பு மருந்தைத் தேனில் குழைப்பதுபோல, நான் ஒன்றே ஒன்று கேட்டேன், என் முகத்தைப் பார்த்துச் சொல் வனஜா, அன்றைக்கு என் குரல் சேர்ந்ததா, என்றேன், அவள் தரையைப் பார்த்தாள், ஜமுக்காளத்தின் ஓர இழையை விரலால் நிமிண்டினாள், பொய் சொல்லத் தெரியாதபடி வளர்த்துவிட்டேன் அவளை, சில இடத்துல சேந்துச்சு டீச்சர், என்றாள்.

சில இடத்தில், நூலை இன்னும் ஒரு மயிரிழை தள்ளுகிறேன், தந்தி திறந்துகொள்கிறது, ரீங்காரம் கூடத்தை நிரப்புகிறது, நூல் அதன் இடத்துக்கு வந்துவிட்டது, என் விரலுக்குத் தெரிகிறது, காதுக்குத் தெரியவில்லை, கண்ணை மூடுகிறேன், மேடை விளக்கின் சூடு நெற்றியில் படுகிறது, மல்லிகை வாசம், பிடில்காரர் தொண்டையைச் செருமுகிறார், வலக்காதில் நான் பாடுகிறேன், இடக்காதில் அவள் பாடுகிறாள், கச்சேரியின் பின்பாதி, களைத்துப்போயிருக்கிறாள், ஒரு நூலளவு இறங்கியிருக்கிறாள், அதே அளவு, அந்த அளவை நான் அறிவேன், என் வாழ்நாளெல்லாம் அளந்த அளவு அது, ஏறு தருமு, என்கிறேன், ஏறவில்லை, இடக்கை தானாகவே முந்தானைக்கு அடியில் போய் அழுத்திக் கிள்ளுகிறது, ஜமுக்காளத்தின் முரட்டு நூல் நகக்கண்ணில் ஏறுகிறது, கண்ணைத் திறந்து பார்த்தால் யாரும் இல்லை, தந்தி மட்டும் இன்னும் அதிர்ந்துகொண்டிருக்கிறது, இடப்பக்கம் இன்னும் இறங்கியே இருக்கிறது, இனி எவ்வளவு கிள்ளினாலும் அது ஏறாது.

கேட் திறக்கும் ஓசை இரண்டாகக் கேட்கிறது, வனஜா செருப்பைக் கழற்றுகிறாள், அவள் உள்ளே வருவதற்குள் பஞ்சமத்தின் நூலைப் பிடித்து உருவினேன், பிறகு மற்ற மூன்றையும், ஒவ்வொன்றும் வரும்போது தந்தி ஒருமுறை முனகியது, நான்கையும் சுருட்டித் தருமுவின் பொட்டு டப்பாவில் போட்டு மூடினேன், வனஜா வந்து உட்கார்ந்தாள், என் கையைப் பார்த்தாள், டப்பாவைப் பார்த்தாள், கேள்வியை மறுபடி கேட்கவில்லை, பழக்கத்தால் தம்புராவைத் தன் பக்கம் வாங்கிச் சாய்த்துக்கொண்டு பஞ்சமத்தை மீட்டினாள், டொக்கென்று ஓர் ஓசை எழுந்தது, இரண்டாகப் பிரிவதற்கு முன்பே அது அவிந்துவிட்டது, நூல் இல்லையே டீச்சர், என்றாள், இருக்கட்டும், இன்னொரு முறை மீட்டு, என்றேன்.