ஒன்பது நாள் வீக்கம்

ஊர்ப் பிள்ளைகளின் வாயையெல்லாம் பார்த்துக் கண் பூத்துப்போன பல் டாக்டருக்கு, தன் வீட்டுப் பிள்ளையின் வாய் மட்டும் விளையாட்டாகத் தெரிந்தது. ஆறு வயது மகள் வாலுவுக்குக் கடைவாய்ப் பல் ஆடியது. அந்த வயதில் முன்பல்தான் முதலில் ஆடும். இது அவருக்குத் தெரியாததா? வேறு யார் பிள்ளையாக இருந்தாலும் அன்றே எக்ஸ்ரே எடுத்திருப்பார். "உன்னை மாதிரியே உன் பல்லும் அவசரக்குடுக்கை" என்று சிரித்தபடி, தன் கிளினிக் நாற்காலியிலேயே உட்கார வைத்துப் பிடுங்கிப் போட்டார்.

அன்று மாலையே கன்னம் வீங்கியது. சீழ்தான் என்று மாத்திரை கொடுத்தார். "நீங்களே ராஜா, நீங்களே மந்திரியா? வேற யார்கிட்டயாவது காட்டுங்க" என்று மனைவி தினமும் நச்சரித்தாள். தன் மகளை இன்னொரு பல் டாக்டரிடம் கொண்டுபோவதா? கௌரவம் என்ற பீடை அவரை விடவில்லை.

எட்டாம் நாள் கன்னம் பந்தாகிவிட்டது. வேறு வழியில்லாமல் எக்ஸ்ரே எடுத்தார். பல் வேர்களைச் சுற்றி இருக்க வேண்டிய மெல்லிய வெள்ளைக் கோட்டைக் காணோம். தாடை எலும்பை ஏதோ அரித்திருந்தது. அன்றே மகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

பெரிய ஆஸ்பத்திரியில் சோதனைக்குச் சதைத் துணுக்கு எடுத்தார்கள். மறுநாளே முடிவு வந்தது. புற்றுநோய் டாக்டரம்மா சுற்றி வளைக்கவில்லை. நிணநீர்ப் புற்றுநோய், அந்த அணுக்களுக்குள் ஒரு வைரஸும் இருக்கிறது.

"வைரஸா? யார்கிட்டேருந்து ஒட்டுச்சு?" என்றாள் மனைவி.

"எச்சில் வழியா முக்கால்வாசிப் பேருக்கு வர்றதும்மா. எனக்கும் இருக்கும். சத்தமில்லாம கிடக்கும். எங்கயோ ஒரு குழந்தைக்குத்தான் அணுவைக் கெடுக்கத் துணை போகுது. யாரையும் குத்தம் சொல்ல முடியாது."

அந்தக் கடைசி வார்த்தையைப் பல் டாக்டர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"வீக்கம் எத்தனை நாளா இருக்கு? இந்தக் கட்டி ரெண்டே நாள்ல ரெண்டு மடங்காகும். அதான் கேக்கறேன்."

"மூணு நாள்." அவர் வாய் முந்திக்கொண்டது.

மனைவி திரும்பிப் பார்த்தாள். அவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

"இல்ல டாக்டர். ஒன்பது நாள். நான்தான் பல்லைப் பிடுங்கினேன்."

டாக்டரம்மா எழுதிக்கொண்டார். "மருந்துக்குக் கட்டுப்படற நோய்தான். ஆனா ஸ்கேன்ல வயித்துலயும் கட்டி தெரியுது. இன்னிக்கே ஆரம்பிச்சாகணும்."

அப்பாவின் மடியில் இருந்த வாலு அவர் விரலை இழுத்துத் தன் வாய்க்குள், வீங்காத பக்கத்தில் வைத்தாள்.

"இங்கயும் ஆடுதுப்பா. இதையும் நீயே பிடுங்கு. இவங்க வேணாம்."