இருபத்தெட்டு மில்லிமீட்டர் கார்புரேட்டர்

ஓய்வு பெற்ற மோட்டார் வாகன ஆய்வாளர் வெள்ளியங்கிரிக்குத் தம் சம்பந்தியிடமிருந்து ஒரே ஒரு 'இல்லை' தேவைப்பட்டது. எதைப் பற்றிய 'இல்லை'யாக இருந்தாலும் அவருக்குச் சம்மதமே. மகன் தமிழ்வேந்தனுக்கும் நரசிம்மலுவின் மகள் ஹர்ஷிணிக்கும் பதிவு அலுவலகத்தில் திருமணம் நடந்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. இந்த இரண்டு ஆண்டுகளில் நரசிம்மலு அவரிடம் பேசியதில் பெரும்பகுதி 'சரிங்க' என்பதாகவே இருந்தது.

'சரிங்க'வை வெள்ளியங்கிரி நன்கு அறிவார். தாராபுரத்திலும் சத்தியமங்கலத்திலும் அவர் வேலை பார்த்த காலத்தில், ஊரார் அவரைப் பிரேக் இன்ஸ்பெக்டர் என்றே அழைத்தார்கள். தகுதிச் சான்றுக்காக லாரியைக் கொண்டுவந்து நிறுத்தியவர்கள் அனைவரும் அவரிடம் 'சரிங்க' என்றார்கள். டயர் தேய்ந்துவிட்டது என்றால் 'சரிங்க'. விளக்கு எரியவில்லை என்றால், விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போதே, 'சரிங்க'. அது கையெழுத்துப் போடும் பேனாவுக்குச் சொல்லப்படும் சொல். பேனாவை அரசாங்கத்திடம் ஒப்படைத்துவிட்டு வந்த பிறகும் அதே சொல் தம் வீட்டுக்குள் வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்திருப்பதை அவர் கவனித்தார்.

நரசிம்மலு எப்போதும் நாற்காலி நுனியில்தான் உட்காருவார். பழனியாத்தாள் கொண்டுவந்து வைக்கும் காப்பியைக் கடைசிச் சொட்டு வரை குடிப்பார். குடித்து முடித்ததும், உள்ளே ஒன்றும் மிச்சமில்லை என்பது எல்லோருக்கும் தெரியும்படி டம்ளரைச் சற்றே சாய்த்து வைப்பார். அவர் ஏன் அப்படி வைக்கிறார் என்பது அந்த வீட்டில் அனைவருக்கும் தெரிந்திருந்தது. அதைப் பற்றி ஒருவரும் பேசியதில்லை. வெள்ளியங்கிரியின் தகப்பனார் பிறர் தோட்டத்தில் கூலிக்கு ஏற்றம் இறைத்தவர். நரசிம்மலுவின் பாட்டனார் அந்தப் பக்கத்துப் பருத்தியையெல்லாம் வாங்கி மில் நடத்தியவர். டம்ளரின் சாய்வில் இவ்வளவும் அடங்கியிருந்தது.

பேசுவதற்கு அவர்களுக்கு ஒரே ஒரு பொருள் கிடைத்தது. அது ஒரு வண்டி.

எழுபதுகளில் மில்லுக்கு அமெரிக்காவிலிருந்து உதிரிப் பாகங்கள் வந்த மரப்பெட்டியில், நரசிம்மலுவின் பெரியப்பா ஆசைப்பட்டு வரவழைத்த சாப்பர் மாதிரிச் சிறு மோட்டார் சைக்கிளும் வந்து இறங்கியது. இருக்கை முழங்கால் உயரம். முன்சக்கரம் வண்டியோடு உடன்பாடில்லாததுபோல் வெகுதூரம் தள்ளி நின்றது. கைப்பிடிகள் ஓட்டுபவரின் காதுவரை உயர்ந்திருந்தன. புல் வெட்டும் இயந்திரத்தில் பொருத்தும் ஐந்து குதிரைத்திறன் எஞ்சின். கயிற்றைச் சுண்டி இழுத்துக் கிளப்ப வேண்டும். தண்ணீர்ப்பந்தல் பகுதியில் இருந்த, பம்ப்செட் வார்க்கும் தம் பவுண்டரியின் பின்புறக் கொட்டகையில் நரசிம்மலு அதைத் துடைத்து வைத்திருந்தார். பழைய கார்புரேட்டர் ஒழுகியது. சைலன்சர் துருவேறி உதிர்ந்துவிட்டது. இரண்டையும் மாற்றி, நகரத்தில் நடக்கவிருந்த பழைய வண்டிகளின் கண்காட்சிக்குக் கொண்டுபோவது என்று முடிவாயிற்று. எதை மாட்டுவது என்பதை வெள்ளியங்கிரியே சொல்ல வேண்டும் என்று நரசிம்மலு கேட்டுக்கொண்டார்.

"நீங்க பாக்காத வண்டிங்களா, சம்பந்தி?"

முதலில் வெள்ளியங்கிரி நேர்மையாகத்தான் யோசித்தார். அந்த எஞ்சினுக்கு இருபது மில்லிமீட்டர் வாய் கொண்ட கார்புரேட்டர் பொருந்தும்; அதற்குமேல் போனால் வம்பு. அதைச் சொல்ல வாயெடுத்தபோதுதான் நரசிம்மலுவுக்குக் கைப்பேசியில் அழைப்பு வந்தது. பேசியவர் அவருடைய தம்பி பாலகோபால். வார்ப்புமணலைப் பற்றி ஏதோ தவறான யோசனை சொன்னார் போலும். நரசிம்மலு கொட்டகைச் சுவர் அதிரும்படி தெலுங்கில் தம்பியைத் திட்டினார். அவனுடைய அறிவு, படிப்பு, தலைமுடி ஆகிய மூன்றையும் திட்டினார். பிறகு, "சாயங்காலம் ஊட்டுக்கு வந்து சாப்புடு" என்று தமிழில் சொல்லிவிட்டு வைத்தார்.

வெள்ளியங்கிரிக்குப் பாலகோபால்மீது பொறாமை உண்டாயிற்று.

"இருவத்தி நாலு மில்லிமீட்டர் போடலாமுங்களா?" என்று கேட்டார்.

நரசிம்மலுவின் புருவம் அரைக்கணம் உயர்ந்தது. "சரிங்க."

"இல்ல, அதும் பத்தாது. இருவத்தெட்டு போட்டா இன்னும் நல்லா இழுக்கும்."

இருபத்தெட்டு என்பது முன்னூற்றைம்பது சிசி வண்டிக்கு உரியது. புல் வெட்டும் எஞ்சினுக்கு அதை மாட்டுவது, கைக்குழந்தைக்கு அண்டாவில் பால் வைப்பதற்குச் சமம். வாழ்நாள் முழுவதும் பம்ப்செட் செய்து விற்றவருக்கு இது தெரியாமலிருக்க வழியில்லை. வெள்ளியங்கிரி காத்திருந்தார்.

"இருவத்தெட்டே போட்டுடலாமுங்க," என்றார் நரசிம்மலு. "உக்கடத்துப் பழைய சாமான் கடைல சொல்லி வாங்கிப்போடறேன்."

வாங்கியும் விட்டார். அந்தக் கார்புரேட்டர் எஞ்சினோடு சேராதாகையால், இரண்டையும் இணைக்க ஓர் அலுமினியக் குழாயைத் தம் பவுண்டரியிலேயே வார்த்தார். முதல் வார்ப்பில் ஊசிமுனை அளவுக்கு ஓட்டை விழுந்ததென்று அதை உருக்கிவிட்டு, மறுபடியும் வார்த்தார். உட்புறத்தைக் கண்ணாடிபோல் தேய்த்துக் கொண்டுவந்து காட்டினார். ஒரு தவறை இவ்வளவு நேர்த்தியாகச் செய்த ஒருவரை வெள்ளியங்கிரி தம் பணிக்காலத்தில் கண்டதில்லை.

"எப்படிங்க இருக்குது?"

"நல்லா இருக்குதுங்க," என்றார் வெள்ளியங்கிரி. அது உண்மையாகவும் இருந்தது.

சைலன்சர் விஷயத்தில் அவர் விளையாடவில்லை. ஓசை எழுப்பும் குழாய்களை வண்டிகளிலிருந்து கழற்றி வைப்பதே தொழிலாக இருந்தவருக்குச் சைலன்சரைப் பற்றிக் கொள்கை ஒன்று இருந்தது. இரண்டு அறை கொண்ட, நீண்ட, இருக்கையின் பின்புறக் கம்பியை ஒட்டி வானோக்கி எழுந்து நுனியில் மீன்வால்போல் விரியும் சைலன்சர் ஒன்றை அவரே வரைந்தார். வரைவதற்கு முன் ஒரு வாரம் மனத்திலேயே வைத்திருந்தார். நரசிம்மலு அதையும் வாங்கிப் பார்த்துவிட்டுச் 'சரிங்க' என்றார். குரோம் பூசி முடித்து மாட்டியபோது அது வண்டியைவிடச் சற்றுப் பெரிதாக இருந்தது. வெள்ளியங்கிரி அதைத் தம் கைக்குட்டையால் துடைத்தார்.

கண்காட்சி ஒரு கல்லூரி மைதானத்தில் நடந்தது. ஞாயிறு காலை. பழைய ஸ்கூட்டர்களும் இரண்டு ஜீப்புகளும், திருமணத்துக்கு வந்தவைபோல் மாலை சூடிய கார்களும் வரிசையில் நின்றன. ஒவ்வொரு வண்டியும் நடுவர் கிருபாசங்கருக்கு முன்னால் மைதானத்தை ஒரு சுற்று வர வேண்டும்.

"நீங்கதானுங்க ஓட்டோணும்," என்றார் நரசிம்மலு.

"உங்க வண்டிங்க."

"அட, நீங்க ஓட்டுங்க. எனக்கு அதுதானுங்க சந்தோசம்."

வெள்ளியங்கிரி ஏறி உட்கார்ந்தார். கால்கள் முன்னால் நீண்டன; கைகள் இரண்டும் காதுவரை உயர்ந்தன. போலீசாரிடம் சரணடைபவரைப் போல் அவர் தோன்றினார். நரசிம்மலு குனிந்து கயிற்றை இழுத்தார். எஞ்சின் கிளம்பியது, இரண்டு முறை கனைத்தது, கறுப்புப் புகையைக் கக்கியது. வெள்ளியங்கிரி ஆக்சிலரேட்டரை முறுக்கினார். பெரிய வாய் ஒரு மடக்குக் காற்றை விழுங்கியது. எஞ்சின் நின்றது.

மறுபடியும் கயிறு. மறுபடியும் புகை. மறுபடியும் நின்றது. பக்கத்தில் ஸ்கூட்டரோடு நின்ற ஒருவர், "ஏனுங்க, கொசுவுக்கு மருந்தடிக்கற வண்டிங்களா?" என்று உண்மையான அக்கறையோடு விசாரித்தார். நரசிம்மலுவின் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. அவர் கயிற்றை இழுப்பதை நிறுத்தவில்லை. வெள்ளியங்கிரியும் முறுக்குவதை நிறுத்தவில்லை.

கிருபாசங்கர் அருகில் வந்து கார்புரேட்டரைக் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து, மறுபடியும் குனிந்து பார்த்தார்.

"யாருங்க இதை இதுல மாட்டுனது?"

"நானுங்க," என்றார் நரசிம்மலு உடனே. "என்ற தப்புங்க. சம்பந்தி அப்பவே வேண்டாம்னாருங்க. நாந்தான் கேக்கலைங்க."

வெள்ளியங்கிரி கைகளைக் கீழே இறக்கினார்.

"பொய்யி," என்றார்.

"அட, உடுங்க சம்பந்தி..."

"என்னத்த உடறது? நாந்தான் சொன்னேன். தப்புன்னு தெரிஞ்சேதான் சொன்னேன்."

கிருபாசங்கர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். இது தம் அதிகாரத்துக்கு உட்பட்ட விஷயமன்று என்று தீர்மானித்தவராக, அடுத்த ஜீப்பை நோக்கிப் போனார்.

"தெரிஞ்சேவுங்களா?" என்றார் நரசிம்மலு. கயிற்றின் பிடி இன்னும் அவர் கையிலேயே இருந்தது. "எதுக்குங்க?"

"நீங்க இல்லைன்னு சொல்றீங்களான்னு பாக்கறதுக்கு. ரெண்டு வருசமாச்சுங்க. இந்தா வெயில் அடிக்குதில்ல? நான் மழை பெய்யுதுன்னு சொன்னா, சரிங்கன்னு சொல்லிப்போட்டுக் கொடை விரிக்கறீங்க. நான் என்ன இன்னும் செக்போஸ்ட்லயா நிக்கறேன்?"

நரசிம்மலு தரையைப் பார்த்தபடி, "நான் இல்லைன்னா நீங்க என்னங்க நெனைப்பீங்க?" என்றார். "மில்லுக்காரன் பேரன், பாட்டன் புத்தியக் காட்டறான்னு நெனைப்பீங்க. நெனைக்க மாட்டீங்களா? மனசத் தொட்டுச் சொல்லுங்க."

வெள்ளியங்கிரி யோசித்தார். கேள்வி நியாயமானதாகையால் முழுமையாக யோசித்தார்.

"நெனைப்பேன்."

"அப்பறம்?"

"நெனைச்சுப்போட்டு, காப்பி குடிச்சுட்டு, மறந்துபோவேன். ஒவ்வொரு சரிங்கவுக்கும் என்னைய வேத்தாளாப் பாக்கறீங்கன்னு நெனைக்கறனே, அதுதான் மறக்க மாட்டேங்குது."

நரசிம்மலு கயிற்றை விட்டார். அது சரேலென்று எஞ்சினுக்குள் ஓடி ஒளிந்தது. அவர் முகம் கழுத்திலிருந்து மேல்நோக்கிச் சிவந்தது.

"ஏமய்யா, புத்தி உந்தா லேதா நீக்கு?" என்றார். வாய் தெலுங்குக்குப் போய், 'உனக்குப் புத்தி இருக்கா இல்லையா' என்று கேட்டுவிட்டதை அவர் அறியவில்லை. "இருவத்தெட்டு மில்லிமீட்டர்! இந்தப் புல்லு வெட்டற எஞ்சினுக்கு! அதுக்கு நான் ரெண்டு தடவ மோல்டு கட்டி வார்த்திருக்கறேன். பவுண்டரில என்ற ஆளுகளே வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சானுங்க. நெசத்தச் சொல்லித் தொலையறதுக்கு என்னய்யா, வயசாகல? முடிதான் கொட்டிப்போச்சு, அறிவுமா கொட்டிப்போச்சு?"

பாலகோபாலுக்குக் கிடைத்த மூன்றில் அறிவும் முடியும் வந்துவிட்டன. படிப்பு ஒன்றுதான் பாக்கி. வெள்ளியங்கிரி அந்தத் தாழ்ந்த இருக்கையில், விருது பெறுபவரைப் போல் அமைதியாக உட்கார்ந்திருந்தார்.

"இன்னும் சொல்லுங்க," என்றார்.

"இன்னும்னா? இந்தச் சைலன்சர் ஒண்ணு. இது சைலன்சரா, ரைஸ்மில் புகைக்கூண்டா? உள்ள போற காத்து வெளிய வர்றதுக்கு வழியே இல்ல. முன்னால அண்டா, பின்னால அடப்பு. அதும் மீன்வாலு! நல்லாத்தான் சோதிச்சீங்க போங்க. சைலன்சர் வரைஞ்சு குடுத்தீங்க பாருங்க, அப்பவே எனக்குச் சந்தேகம்."

"அது சோதனைக்கு இல்லைங்க," என்றார் வெள்ளியங்கிரி.

"என்னங்க?"

"கார்புரேட்டர்தான் சோதனை. சைலன்சர் நெசமாலுமே சொன்னது."

மைதானத்தில் ஜீப் ஒன்று கைதட்டலுக்கிடையே சுற்றி வந்தது. நரசிம்மலு மீன்வாலைப் பார்த்தார். வெள்ளியங்கிரியைப் பார்த்தார். இரண்டு ஆண்டுப் பழக்கம் அவர் உதட்டில் வந்து நின்றது. அவர் அதைச் சொல்லவில்லை.

"கேவலமா இருக்குதுங்க," என்றார்.

"எங்க கேவலம்? எடத்தத் தொட்டுக் காட்டுங்க."

அவர் தொட்டுக் காட்டினார். சூடாக இருந்ததால் விரலை உதறிக்கொண்டு, மறுபடியும் தொட்டுக் காட்டினார்.

குட்டியானை என்னும் சிறு சரக்கு வண்டியில் அதை ஏற்றிச் சுந்தராபுரத்தில் வெள்ளியங்கிரியின் வீடு வரும்வரை இருவரும் ஓயவில்லை. வீட்டு வாசலில் குட்டியானை நின்றபோது சமையலறையில் ஹர்ஷிணி கத்தியைக் கீழே வைத்தாள்.

"அத்தை, எங்கப்பா திட்டறாருங்க."

"யாரைம்மிணி?"

"மாமாவைத்தானுங்க. தெலுங்குல."

பழனியாத்தாள் ஒருகணம் காது கொடுத்துக் கேட்டாள். வெளியே தன் கணவரும், இரண்டு அறை இல்லாத சைலன்சரைச் சட்டம் அனுமதிக்காது என்று உரத்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் அடுப்பைப் பற்றவைத்துக் காப்பிக்குப் பால் வைத்தாள்.

நரசிம்மலு உள்ளே வந்து நாற்காலியில் முதுகு சாய்த்து உட்கார்ந்தார். கால்களை நீட்டிக்கொண்டார். காப்பியை ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைப் பார்த்தார்.

"ஏனுங்கம்மிணி, இது காப்பியா பாயசமா? எனக்குச் சக்கரை வியாதிக்கு வைத்தியம் பார்த்துட்டிருக்கறாங்க, ரெண்டு வருசமா."

"அட கடவுளே! சொல்றதுக்கென்னங்க? ஹர்ஷிணி, நீயாச்சும் சொல்லலாமில்ல கண்ணு?"

"மூச்சு உடக் கூடாதுன்னு அப்பா உத்தரவுங்கத்தை."

டம்ளர் பாதிக் காப்பியோடு மேசைமேல் இருந்தது. பழனியாத்தாள் அதை எடுத்துக்கொண்டு வேறு போடப் போனாள். அவள் எடுத்துப்போகும்வரை வெள்ளியங்கிரி அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கார்புரேட்டர் இருவதே போட்டுக்கலாமுங்க," என்றார் பிறகு. "சைலன்சர் அப்படியே இருக்கட்டும்."

"முடியாதுங்க," என்றார் நரசிம்மலு.

தாம் கேட்டுக் காத்திருந்தது இதுதான் என்பதில் வெள்ளியங்கிரிக்கு ஐயமில்லை. ஆனால் இது சைலன்சரைப் பற்றியதாக இருக்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, அன்று இரவுச் சாப்பாடு முடியும்வரை சம்பந்தியோடு பேசவில்லை. நரசிம்மலுவோ கேட்காமலே இரண்டாம் முறை ரசம் ஊற்றிக்கொண்டார்.