பதினொன்றரைக் கிலோ

இரண்டு வயது யுவராஜ் கைகளைத் தூக்கிக்கொண்டு நின்றான். தேன்மொழி குனிந்தாள். அடிவயிற்றில் சுருக்கென்றது. அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு, கண் இருட்டு விலகும்வரை சுவரைப் பிடித்து நின்றாள்.

கர்ப்பப்பையை எடுத்துப் பதினாறு நாள் ஆகிறது. டாக்டரம்மா சொல்லி அனுப்பியது இரண்டுதான்: ஒன்றரை மாதம் பாரம் தூக்கக் கூடாது, அசதி வந்தால் படுத்துவிட வேண்டும்.

கணவன் பூபதி முதலாவதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். தண்ணீர்க்குடம் அவன் தோளுக்கு வந்தது. குழாயடியில் பெண்கள், “சேலை ஒண்ணுதான் பாக்கி” என்று சிரித்தார்கள்.

“என்ற பொண்டாட்டி ஒரு சொம்புத் தண்ணி தூக்கமாட்டா, பாத்துக்குங்க” என்றான்.

குடத்தை இறக்கியதும் மகனைத் தூக்கி அவள் இடுப்பில் வைப்பான். ஏணியை எடுத்துக்கொண்டு மிளகு பறிக்கப் போய்விடுவான்.

மூத்தவளுக்குத் தலை வாரிப் பள்ளிக்கு அனுப்பி, சின்னவனுக்குச் சோறூட்டுவதற்குள் தேன்மொழிக்குக் கால் துவண்டுவிடும். பாயில் சாய்ந்தால், பக்கத்து வீட்டிலிருந்து நங்கை வருவாள், பூபதியின் அக்கா கண்ணாயி.

“ஏம் புள்ள, பகல்ல படுக்கையா? நானெல்லாம் பெத்து இருவதாம் நாளே களை வெட்டப் போனவ. படுக்கப் படுக்கச் சோம்பல்தான் வளரும்.”

“போனீங்க நங்கை, சரி. அப்பப் புடிச்ச முதுகுவலி இன்னும் உடலைன்னு நேத்துத்தான சொன்னீங்க?”

கண்ணாயி வெற்றிலையை மும்முரமாக மென்றாள்.

அன்று மாலை தையல் ஓரம் கசிந்து சேலை ஈரமானது. பூபதி பதறிப்போய் அவளைச் செம்மேட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். நர்ஸம்மா கட்டு மாற்றினாள். “இன்னொருக்காப் பாரம் தூக்குனா தையல் பிரிஞ்சுபோகும்” என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் பூபதி கேட்டான்: “என்னத்தத் தூக்குன?”

“உங்க மகனத்தானுங்க.”

“பெத்த புள்ளையப் போய்ப் பாரம்ங்கறயே! வாயக் கழுவு.”

“ஒடம்போட புத்தியும் அசந்துபோச்சு இவளுக்கு” என்றாள் கண்ணாயி.

தேன்மொழி கோபப்படவில்லை. உத்தரத்தில் தொங்கிய, மிளகு நிறுக்கும் கொக்கித் தராசைக் காட்டினாள்.

“அவனச் சாக்குல உக்காரவெச்சு மாட்டுங்க.”

ஊஞ்சல் என்று நினைத்து யுவராஜ் கெக்கலித்தான். முள் பதினொன்றரையில் நின்றது.

“இப்ப அந்தத் தண்ணிக்குடத்த மாட்டுங்க.”

பன்னிரண்டு.

பூபதி முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“குடமாவது நாளைக்கு நாலு நடை. இவன் நாப்பது நடைங்க. பாரம்னு சொன்னாப் பாசம் கொறஞ்சு போயிராது. தையலுக்கு மகன்னு தெரியாது, கிலோதான் தெரியும்.”

மறுநாள் பாயில் உட்கார்ந்து அவள் மகனைக் கூப்பிட்டாள். அவனே ஏறி மடியில் உட்கார்ந்தான். கொஞ்சி முடித்ததும் பூபதி தூக்கிக்கொண்டான். அவள் படுத்தாள்.

கண்ணாயி வாசலில் எட்டிப் பார்த்தாள். “இன்னைக்கும் படுத்துட்டாளா?”

“ஆமாக்கா. அறுத்த ஒடம்பு படுத்தாத்தான் கூடும். அந்த அசதி சோம்பல் இல்ல. குத்திப் பேசறதுக்குப் பதிலா நாமதான் கை குடுக்கணும்” என்ற பூபதி, மகனை அக்காவிடம் நீட்டினான். “இந்தா, புடி.”

கண்ணாயி வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

“அட சாமி, என்ன கனம் கனக்கற!” என்றாள்.