இருபத்து நாலு துண்டு

கணவன் எழிலுக்குக் கணையத்தில் புற்றுநோய்க் கட்டி என்று தெரிந்த மாதம், பீளமேடு ஆபீசில் செவ்வந்தியோடு வேலை செய்யும் ரம்ஷா ஒரு பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தாள். ஆயிரம் அட்டைத் துண்டுகளைப் பொருத்தி ஏரிப் படமாக்கும் புதிர்.

"மனசு அதுல போயிருமுங்கக்கா. எங்க அத்தாவுக்கு முடியாதப்ப நான் இதைத்தான் பண்ணிட்டிருந்தேன்."

செவ்வந்தி சாப்பாட்டு மேசையில் பரப்பினாள். மூன்று வாரத்தில் ஓரம் மட்டும்தான் சேர்ந்தது. உள்ளே முழுக்க வானமும் தண்ணீரும். எல்லாத் துண்டும் ஒரே நீலம். கணவன் வாந்தியெடுத்த துணிகளை அலசிப்போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தால் கை ஓடவில்லை. முடியாமல் கிடக்கும் வேலைகளோடு இதுவும் ஒன்றாகச் சேர்ந்துகொண்டது. ஒரு நாள் காலையில் மாத்திரை டப்பா வைக்க இடமில்லாமல் எல்லாவற்றையும் வழித்துப் பெட்டிக்குள் தள்ளினாள். இதற்குக்கூட நான் லாயக்கில்லை என்று அழுகை வந்தது.

அடுத்த கீமோ ஊசிக்குப் போன அன்று, ஆஸ்பத்திரிக்கு எதிர்க் கடையில் குழந்தைகளுக்கான புதிர் ஒன்று தொங்கியது. ரயில் படம், இருபத்து நாலு துண்டு. வாங்கிக்கொண்டாள். மருந்து சொட்டுச் சொட்டாய் இறங்க நாலு மணி நேரம் ஆகும். மடியில் ரிப்போர்ட் ஃபைலை வைத்து அதன்மேல் அடுக்கினாள். பத்து நிமிஷத்தில் ரயில் முழுசாக நின்றது. கலைத்துவிட்டு மறுபடியும் அடுக்கினாள்.

"என்ன அம்மணி, சின்னப்புள்ளையாட்ட?" என்றான் எழில்.

"இதாவது முடியுதுங்களே."

அவன் சிரிக்கவில்லை. ஊசி குத்தாத கையை நீட்டி ஒரு சக்கரத்தை எடுத்து வைத்தான். தப்பான இடம். கொஞ்ச நேரம் கழித்து அவனே எடுத்து மாற்றினான்.

ஆடி மாதம் ஸ்கேன் பார்த்தபோது கட்டி ஈரலுக்கும் பரவியிருந்தது. "இனி ஊசி வேண்டாமுங்க. வலி தெரியாம பாத்துக்கலாம், ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றார் டாக்டர்.

அந்த வாரம் அவளுக்கு எதிலும் கை போகவில்லை. சோறுகூட இறங்கவில்லை. ஒரு மத்தியானம், வலி மருந்தின் மயக்கம் தெளிந்து எழில் கூப்பிட்டான்.

"அந்த ரயில் சலிச்சுப்போச்சு கண்ணு. வேற ஒன்னு வாங்கிட்டு வா. இருபத்து நாலுக்கு மேல வேண்டாம். முடிக்கோணுமல்ல."

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு போய்க் கிளிப் படம் வாங்கி வந்தாள்.

அதற்குப் பிறகு அவன் இருந்தது பதினோரு நாள். அதில் ஏழு நாள் அவர்களுக்குக் கிளியைச் சேர்த்து முடிக்கும் அந்தப் பத்து நிமிஷம் கிடைத்தது.