றமீஸின் குதிக்காலுக்குப் போன பங்கு

1
இந்தக் கதை என் வீட்டு பிரிஜ்ஜில் பிறந்தது. ஹஜ்ஜுப் பெருநாளன்று அயலுக்குப் பங்கு கொடுக்கும் உழ்ஹிய்யா, அதாவது குர்பானி, இறைச்சிப் பைகளை அடுக்கும்போது, இதில் ஒன்று வீடு மாறிப் போனால் என்ன ஆகும் என்று யோசித்தேன். அவ்வளவுதான்.

முதல் வரி இப்படி வந்தது: ‘உயிரின் ஏடுகளில் எழுதப்பட்ட...’ சீ, எனக்கே கொட்டாவி வருகிறது. நேரே கல்முனைக்குப் போவோம்.

2
ஹுஸ்னியா ஆய்வு மாணவி. தசையை எலும்போடு கட்டும் தசைநாணில் எந்த மரபணுக்கள் விழித்திருந்து வேலை செய்கின்றன என்று தேடுகிறாள். (எல்லா மரபணுவும் உடம்பெங்கும் உண்டு, இடத்துக்கு இடம் சிலதான் விழித்திருக்கும். இது விளங்க எனக்கு இரண்டு நாள் பிடித்தது.) நாணில் மட்டும் விழித்திருக்கும் ஒரு மரபணு இரண்டு மாடுகளில் அகப்பட்டுவிட்டது. மூன்றாவதிலும் அகப்பட்டால்தான் பேராசிரியர் நம்புவார். ஆய்வுக் காலமோ அடுத்த மாதம் முடிகிறது. பெருநாள் காலை, வீட்டு உழ்ஹிய்யா மாட்டை அறுத்த கையோடு அதன் கால் நாணை வெட்டி உறைய வைத்தாள். பங்கு போடும் அதே சொப்பிங் பையில்! அங்கேதான் கோட்டை விட்டாள்.

பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு பார்த்தால் பையைக் காணோம்.

“உம்மா! அந்த நரம்புப் பை எங்க?” (தசைநாணுக்கு ஊர்ப் பேச்சில் நரம்பு.)

“அடுத்த தெரு றமீஸ்ட ஊட்ட குடுத்தனுப்பிட்டன் மகள். பந்தடிச்சிக் குதிக்கால் நரம்பு அறுந்து கிடக்கான், பாவம். சூப்புக்கு நல்லம்தானே?”

“அல்லாஹ்வே! அது என்ட ஆராய்ச்சிம்மா!”

“குடுத்த பங்கத் திருப்பிக் கேக்கவா போறாய்? மானம் போயிரும் புள்ள!”

[இந்த உம்மாவை, றாபியாவை, முதலில் சிடுமூஞ்சியாக எழுதியிருந்தேன். காலுக்குக் கால் நாணைப் பார்த்து அனுப்பிய மனுசியை எப்படித் திட்டுவது? அழித்துவிட்டேன்.]

3
ஹுஸ்னியா ஓடினாள். அவளுடைய நெஞ்சு ஒரு— உவமைக்கெல்லாம் நேரமில்லை. றமீஸ் வீட்டுக் குசினியில் சட்டி கொதித்துக்கொண்டிருந்தது.

முதல் முடிவு: எல்லாம் வெந்துவிட்டது. எழுதிப் பார்த்தேன். பெருநாளும் அதுவுமாய் அந்தப் பிள்ளையை அழவைக்க மனம் வரவில்லை.

ஆகவே, ஐஸோடு இறுகிக் கிடந்த ஒரு துண்டை மட்டும் றமீஸின் பெண்சாதி பிரிஜ்ஜிலேயே விட்டிருந்தாள். (அதை அங்கே வைத்தது நான்தான். வெட்கமெல்லாம் இல்லை.)

ஹுஸ்னியா தலையைக் குனிந்துகொண்டு, அழாக்குறையாக அதைக் கேட்டாள். காலைக் கதிரையில் தூக்கிவைத்திருந்த றமீஸ் சிரித்தான்.

“இதுக்கா இந்த அழுகை? நீயும் என்ட காலுக்குத்தானே படிக்காய்? கொண்டு போ புள்ள!”

4
சில வாரம் கழித்து, அந்த மரபணு எங்கே விழித்திருக்கிறது என்று காட்டும் ஆய்வுகூடத் திரையில் தசையின் கோடு தரையோடு கிடந்தது. நாணின் கோடு கிடுகிடுவென ஏறியது. ஹுஸ்னியா துள்ளிக் குதித்துப் போனை எடுத்தாள்.

“றமீஸ் நானா! உங்கட பங்கு முழிச்சிருக்கு!”

“அல்ஹம்துலில்லாஹ்! எனக்கும் இண்டைக்கித்தான் கட்டு அவிழ்த்தாங்க. ரெண்டு அடி வெச்சிட்டன்!”*

* சூப்பால் என்கிறாள் றாபியா. தையல் போட்ட டொக்டரால் என்கிறாள் ஹுஸ்னியா. நான் வாயைத் திறக்க மாட்டேன்.

5
மூன்றாவது அடிக்குத் தூக்கிய றமீஸின் கால் இன்னும் அந்தரத்தில் நிற்கிறது. அவன் மறுபடி பந்தடிப்பானா? அதைச் சொல்லும் பங்கை உங்கள் பையில் போட்டுவிட்டேன். திருப்பிக் கேட்க மாட்டேன், மானம் போய்விடும்.